இஸ்ரேல்–பாலஸ்தீனப் பேச்சில் வெளிநாடுகள்: எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன்?

குத்தாலம் வாசகன் – கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இஸ்ரேல்–பாலஸ்தீனச் சமாதானப் பேச்சில் வெளிநாடுகளின் பங்கு பற்றி ஒரு கூட்டம். முக்கால் மணி நேரம் பேச வேண்டியது என் பொறுப்பு. ஒரு மாதமாகப் படிக்கிறேன். பெயரும் தேதியும்தான் சேருகிறதே தவிர, விஷயம் பிடிபடவில்லை.

எனக்கு வேண்டியது இவைதான். வெளிநாடு நடுவில் வந்ததால் உண்மையிலேயே நின்ற ஒப்பந்தம் எது, அது ஏன் நின்றது? 1993 ஆஸ்லோ ஒப்பந்தம் எந்த இடத்தில் பழுதானது? "பரஸ்பர நம்பிக்கை இல்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பிரிவு, எந்த ஏற்பாடு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். "நமக்குக் காவிரிக்கு நடுவர் மன்றம் வைத்தார்களே, அங்கே ஏன் அப்படி ஒன்று இல்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள். கத்தார் பற்றியும் கேட்பார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அதனால் அந்தப் பேச்சு வராமல் இருக்காது.

தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

திருவையாறு ஆசிரியர்

தம்பி, காவிரிக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள், கூட்டம் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

1990இல் நடுவர் மன்றம் வந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 404.25 டிஎம்சி என்றது, அந்த ஜூனில் ஆணையம். இவ்வளவும் ஒரே அரசியல் சட்டத்துக்குள் நடந்தது. கர்நாடகம் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வழக்கு நடக்கும். இதைவிட முக்கியமான விஷயம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு. அங்கே அளவுமானியைப் பார்த்துத் தண்ணீரைக் கணக்கெடுப்பது கர்நாடகமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை, மத்திய நீர் ஆணையம். தரவில்லை என்று நாம் சண்டை போடலாம். ஆனால் எவ்வளவு வந்தது என்பதில் சண்டை கிடையாது.

பாலஸ்தீன விவகாரத்தில் இந்த இரண்டுமே இல்லை. சர்வதேச நீதிமன்றம் ஒரு வழக்கில் கட்டுப்படுத்தும் தீர்ப்பு தர வேண்டுமானால் இரு தரப்பும் நாடுகளாக இருக்க வேண்டும், இரண்டும் சம்மதிக்கவும் வேண்டும். 2004இல் மேற்குக்கரையில் இஸ்ரேல் கட்டிய சுவர் குறித்தும், 2024 ஜூலையில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு குறித்தும் அது சொன்னவை ஆலோசனைக் கருத்துகள். எடை உண்டு, அமல்படுத்தும் கை இல்லை. அப்படியானால் ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு கணக்குப் பார்ப்பவரை வைத்தாக வேண்டும். அதை வைத்த இடத்தில் ஒப்பந்தம் நின்றது, வைக்காத இடத்தில் கரைந்தது. முக்கால் மணி நேரத்துக்கு இந்த ஒரு இழை போதும் என்பது என் கருத்து.

நின்றதற்கு உதாரணம் சினாய், 1967 போரில் எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்த தீபகற்பம். 1973 போருக்குப் பிறகு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் ஒரேயடியாகச் சமாதானம் பேசவில்லை. 1974 ஜனவரியில் முதல் படை விலகல், 1975 செப்டம்பரில் இரண்டாவது. இரண்டாவதில் சிக்கல் கிட்டி, மித்லா என்ற இரண்டு மலைக் கணவாய்கள். அவற்றை விட்டால் எகிப்து டாங்கிகள் வருவது தெரியாமல் போகும் என்பது இஸ்ரேலின் பயம். அதற்குக் கண்டுபிடித்த வழி: கணவாய்களில் அமெரிக்கர்கள் கண்காணிப்பு நிலையம் நடத்துவார்கள், 200 பேருக்கு மிகாமல், அத்தனை பேரும் சிவிலியன்கள். கூடவே தரையில் ஆளில்லா உணர்கருவிகள். என்ன நகர்ந்தாலும் இரு தரப்புக்கும் தகவல் போகும். 1976இலிருந்து அது வேலை செய்தது.

1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் பேச்சு. 13 நாள். எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் நேருக்கு நேர் பேசினால் குரல் உயர்கிறது என்று தெரிந்ததும், அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் தனித்தனியே வைத்து, அமெரிக்கர்கள் எழுதிய ஒரே வரைவை இரண்டு பக்கமும் எடுத்துப் போய்த் திருத்தம் வாங்கினார். ஒவ்வொரு தரப்பும் தன் வரைவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளியின் தாளை ஏற்பது மானப் பிரச்சினை, மூன்றாவது ஆளின் தாளில் திருத்தம் சொல்வது அப்படியில்லை. கிட்டத்தட்ட 23 முறை திருத்தி எழுதினார்கள்.

1979 மார்ச் 26 எகிப்து–இஸ்ரேல் சமாதான ஒப்பந்தத்தின் இணைப்பைப் பாருங்கள், எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். சினாயை மேற்கிலிருந்து கிழக்காக அ, ஆ, இ என்று மூன்று மண்டலமாக வெட்டினார்கள். எல்லைக்கு இஸ்ரேல் பக்கம் நான்காவது. முதல் மண்டலத்தில் எகிப்துக்கு ஒரு படைப்பிரிவு, 22,000 பேர், 230 டாங்கிகள் வரை. எல்லையை ஒட்டிய மூன்றாவதில் எகிப்தின் காவல்துறை மட்டும், ராணுவம் கூடாது. இஸ்ரேல் பக்கத்து ஒல்லியான பட்டையில் 4,000 பேர் வரை, டாங்கி கூடாது. இதைச் சரிபார்க்க ஐ.நா. படை வருவதாக இருந்தது. சோவியத் வீட்டோ வரும் என்று தெரிந்ததும், பாதுகாப்புச் சபையை விட்டு வெளியே தனியாக ஒரு பன்னாட்டுப் படையை உருவாக்கினார்கள். 1982 ஏப்ரல் 25 அன்று இஸ்ரேல் கடைசியாக வெளியேறிய நாளில் அது பணியைத் தொடங்கியது. இன்றும் அங்கே இருக்கிறது.

பணமும் சேர்ந்தே வந்தது. விட்டு வந்த விமானத் தளங்களுக்கு ஈடாக நெகேவ் பாலைவனத்தில் இரண்டு புதிய தளங்கள் கட்ட உதவி, சினாய் எண்ணெய் போனதால் 15 ஆண்டு எண்ணெய் விநியோகத்துக்கு அமெரிக்க உத்தரவாதம். எகிப்துக்கு ராணுவ உதவி.

அதே கேம்ப் டேவிட்டில் இரண்டாவது ஆவணம் ஒன்றும் உண்டு: 1967இல் இஸ்ரேல் பிடித்த பாலஸ்தீனப் பகுதிகளான மேற்குக்கரை, காஸாவுக்குச் சுயாட்சி. அந்த மேசையில் பாலஸ்தீனர் ஒருவரும் இல்லை. ஜோர்டான் பெயரை எழுதினார்கள், ஜோர்டான் வரவே இல்லை. அந்தப் பகுதிகளில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள் கட்டுவதை நிறுத்துவது எவ்வளவு காலத்துக்கு என்பதில், சுயாட்சிப் பேச்சு முடியும்வரை என்று கார்ட்டர் புரிந்துகொண்டார், மூன்று மாதம்தான் என்றார் பெகின். அதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்து விழாவுக்குப் போய்விட்டார்கள். ஒரே வாரத்தில், ஒரே ஆட்கள் எழுதிய இரண்டு தாள். டாங்கி எண்ணிக்கைவரை எழுதிய தாள் நிற்கிறது. மற்றது அன்றே செத்தது.

இப்போது ஆஸ்லோ. 1993 ஜனவரியில் நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் ஆரம்பம். இஸ்ரேல் தரப்பில் முதலில் வந்தது இரண்டு கல்வியாளர்கள், ஹிர்ஷ்ஃபெல்டும் பண்டாக்கும். காரியம் கெட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்று அரசு சொல்லிவிடலாம். எதிரே பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அபு அலா. மே மாதம்தான் இஸ்ரேல் அதிகாரிகள் நேரடியாக வந்தார்கள். நார்வே செய்தது இடம், ரகசியம், தொடர்பு. ஆகஸ்டில் நார்வே வெளியுறவு அமைச்சர் ஹோல்ஸ்ட், ஸ்டாக்ஹோமில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் பெரஸ் பக்கத்தில் இருக்க, டூனிஸில் இருந்த பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் தரப்போடு இரவு முழுக்கத் தொலைபேசியில் வரி வரியாகச் சொல்லி முடித்தார். அந்த வேலைக்கு நார்வேயைவிடப் பொருத்தமான நாடு இல்லை.

ஆனால் உருவான ஆவணத்தின் 15ஆவது பிரிவைப் படியுங்கள். தகராறு வந்தால் முதலில் கூட்டுக் குழு. தீராவிட்டால் இருவரும் ஒப்புக்கொள்ளும் சமரச முறை. அதுவும் தீராவிட்டால் நடுவர் தீர்ப்பு, அதற்கும் இரு தரப்பின் சம்மதம் வேண்டும். ஒப்பந்தத்தை மீறுகிறவனே நடுவர் தீர்ப்புக்கும் சம்மதிக்க வேண்டும் என்றால் அந்தப் பிரிவு எதற்கு உதவும்? எருசலேம், அகதிகள், குடியேற்றம், எல்லை எல்லாவற்றையும் பின்னால் பார்க்கலாம் என்று ஒதுக்கினார்கள். இடைக்காலம் ஐந்தாண்டு, 1999 மே 4இல் முடிய வேண்டும். ஆஸ்லோவின் தொடர்ச்சியான 1995 இடைக்கால ஒப்பந்தத்தில், இறுதி முடிவு வரும்வரை யாரும் நிலப்பகுதியின் நிலையை மாற்றக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. குடியேற்றம் கட்டுவது அதில் சேருமா என்று தீர்மானிக்க ஆள் இல்லை. 1993இல் மேற்குக்கரையில், கிழக்கு எருசலேம் தவிர்த்து, குடியேறிகள் சுமார் 1,10,000. 2000 முடிவில் 1,90,000க்கு மேல். பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, பேசப்பட்ட நிலத்தில் இத்தனை வீடு எழும்பியது.

---

நாகூர் வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்ன இழை நல்லது. ஆனால் பாதிதான் என்பேன். கணக்குப் பார்ப்பவரை வைத்தால் போதாது. அவர் யார் பக்கம், அவர் சொல்லுக்கு எது பின்பலம் என்பதுதான் அடுத்த பாதி.

அமெரிக்காவின் ஆனாபொலிஸில் நடந்த சமாதான மாநாடு, 2007 நவம்பர். அன்று வாசித்த கூட்டு அறிக்கையில், 'சாலை வரைபடம்' என்ற 2003 சமாதானத் திட்டத்தின் கடமைகளை இரு தரப்பும் நிறைவேற்றுகிறதா என்று கண்காணித்துத் தீர்ப்புச் சொல்வது அமெரிக்கா என்று தெளிவாகவே எழுதினார்கள். ஒரு ஜெனரலையும் நியமித்தார்கள். அவருடைய மதிப்பீடுகள் வெளியிடப்படவே இல்லை. 2003இலும் இதே மாதிரி ஒரு கண்காணிப்புக் குழு வந்தது, அதன் அறிக்கைகளும் பொதுவில் வரவில்லை. மேற்குக்கரை நகரான ஹெப்ரானில் ஆறு நாட்டுப் பார்வையாளர்கள் 1997இலிருந்து தெருத்தெருவாக நடந்து குறிப்பெடுத்தார்கள். நார்வே, டென்மார்க், ஸ்வீடன், இத்தாலி, சுவிட்சர்லாந்து, துருக்கி. அவர்கள் அறிக்கை இரு தரப்புக்கும் அனுப்பிய நாடுகளுக்கும் மட்டும். தடுக்கும் அதிகாரம் கிடையாது. 2019 ஜனவரியில் இஸ்ரேல் புதுப்பிக்கவில்லை, மூட்டை கட்டினார்கள். கண் இருந்தது, வாய் இல்லை.

அமெரிக்கா நினைத்தால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1956 போரில் பிடித்த சினாயை விடாவிட்டால் தடை வரும் என்று 1957இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் வெளிப்படையாகவே சொன்னார், மார்ச்சில் இஸ்ரேல் அதை விட்டது. 1991இல் இஸ்ரேலுக்கான 1000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை மூத்த புஷ் நிறுத்தி வைத்தார். அந்த அக்டோபர் 30இல் மாட்ரிட் சமாதான மாநாட்டு மேசைக்கு இஸ்ரேல் பிரதமர் ஷமீர் வந்தார். அதற்கு அந்த ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணம்.

ஆனால் அமெரிக்கா 1975இலேயே தன் கையைக் கட்டிக்கொண்டது. இரண்டாவது சினாய் ஒப்பந்தத்துக்கு விலையாக, பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலின் இருப்பை ஏற்று, பாதுகாப்புச் சபையின் 242, 338 தீர்மானங்களையும் ஏற்கும்வரை அதோடு பேச மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சொந்த யோசனை எதையும் முன்வைக்கும் முன் இஸ்ரேலோடு ஒருங்கிணைக்க எல்லா முயற்சியும் செய்வோம் என்று அமெரிக்க அதிபர் ஃபோர்டு இஸ்ரேல் பிரதமர் ரபினுக்குத் தனிக் கடிதமும் கொடுத்தார். சினாய் நின்றதற்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு பாலஸ்தீனர் கணக்கில் விழுந்தது. 1988 டிசம்பர்வரை 13 வருடம் அந்தக் கதவு மூடியே கிடந்தது.

2004 ஏப்ரல் 14 அன்று இளைய புஷ் இஸ்ரேல் பிரதமர் ஷரோனுக்குக் கொடுத்த கடிதத்தையும் கூட்டத்தில் சொல்லுங்கள். பெரிய குடியேற்றங்கள் இருப்பதால் 1949 போர்நிறுத்தக் கோட்டுக்கு முழுதாகத் திரும்புவதை எதிர்பார்க்க முடியாது, அகதிகள் வருங்காலப் பாலஸ்தீன நாட்டில்தான் குடியமர வேண்டும். இரண்டும் இறுதிப் பேச்சில் இரு தரப்பும் தீர்க்க வேண்டியவை. நடுவர் ஒரு தரப்பிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மற்றவர் எதற்குப் பேச வருவார்?

2000 ஜூலையில் இஸ்ரேல் பிரதமர் பராக்கும் அரஃபாத்தும் கூடிய கேம்ப் டேவிட் மாநாட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எருசலேம் பேச்சுக்கு வரும் என்று தெரிந்தும், கெய்ரோ, ரியாத், அம்மான் தலைநகரங்களோடு முன்கூட்டிக் கலக்கவில்லை. எருசலேமில் முஸ்லிம்களின் புனித வளாகமான ஹரம் அல் ஷரீஃப் விஷயத்தில் அரஃபாத் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது என்பது நம் ஊர் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போது அரபுத் தலைவர்களுக்குத் தொலைபேசி போட்டார்கள். அவர்கள் பார்க்காத வரைவுக்கு எப்படி ஆதரவு சொல்வார்கள்? டிசம்பர் 23இல் அமெரிக்க அதிபர் க்ளின்டன் தன் அளவுகோல்களை வாசித்தார்: மேற்குக்கரையில் 94 முதல் 96 சதவீதம் பாலஸ்தீனருக்கு, 1 முதல் 3 சதவீதம் நில மாற்று. எழுத்தில் கூடத் தரவில்லை, அவர் வாசிக்க எதிரே இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். பதவிக்காலம் ஜனவரி 20இல் முடிகிறது, அதோடு இந்த யோசனையும் போய்விடும் என்றார். இஸ்ரேலில் பிப்ரவரி 6 தேர்தல். நான்கு வாரத்தில் யாரால் என்ன முடிக்க முடியும்?

---

மன்னார்குடி கணக்கர்

பணத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை, நான் அதை மட்டும் எழுதுகிறேன்.

1994 ஏப்ரல் 29, ஆஸ்லோவின் பொருளாதார ஒப்பந்தமான பாரிஸ் நெறிமுறை. பாலஸ்தீனப் பகுதிக்குள் வரும் சரக்கு இஸ்ரேல் துறைமுகம் வழியாக வருகிறது. சுங்க வரி, மதிப்புக் கூட்டு வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் கூலி பிடித்துக்கொண்டு, மாதாமாதம் பாலஸ்தீன நிர்வாகத்துக்குத் தர வேண்டும். அந்த நிர்வாகத்தின் வருவாயில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பணம்தான். ஆசிரியர், மருத்துவர், போலீஸ்காரர் சம்பளம் எல்லாம் இதில். தராமல் நிறுத்தினால் கேட்க ஒரு கூட்டுப் பொருளாதாரக் குழு, அதிலும் இரு தரப்பும் ஒத்துப்போக வேண்டும். 2000 கடைசியில் நிறுத்தினார்கள், 2006இல் ஹமாஸ் தேர்தலில் வென்றதும் நிறுத்தினார்கள், 2011இல் நிறுத்தினார்கள், 2019இல் ஒரு பகுதியைப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பள்ளத்தை நிரப்பியது ஐரோப்பிய ஒன்றியமும் அரபு நாடுகளும். உதவி நாடுகளின் குழு 1993இலிருந்து இருக்கிறது, தலைமை நார்வே. கூடும், உலக வங்கியின் அறிக்கையை வாங்கும், பணம் ஒதுக்கும். வரிப்பணத்தைத் திறக்க வைக்கும் சக்தி அதற்கு இல்லை. ஐரோப்பாவின் பணம் சமாதானத்தை வாங்கவில்லை, பேச்சு நின்றுபோன பிறகும் அலுவலகங்கள் திறந்திருக்க உதவியது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை, ஆனால் அது வேறு விஷயம்.

மூன்றாம் தரப்பை வைத்தும் எப்படித் தோற்கலாம் என்பதற்கு ரஃபா. 2005 நவம்பர் 15 ஒப்பந்தப்படி காஸா–எகிப்து வாயிலைப் பாலஸ்தீனர் நடத்துவார்கள், ஐரோப்பியப் பார்வையாளர்கள் பக்கத்தில் நிற்பார்கள், கேமரா படம் இஸ்ரேல் எல்லை வாயிலான கெரெம் ஷலோமில் உள்ள தொடர்பு அறைக்குப் போகும், அங்கே இஸ்ரேலியர் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு என்று தோன்றும். பார்வையாளர் இல்லாமல் வாயில் திறக்கக்கூடாது என்று ஒரு விதி. பார்வையாளர்கள் தங்கியது இஸ்ரேலின் அஷ்கெலோனில். தினமும் இஸ்ரேல் வழியாகத்தான் வேலைக்கு வர வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லி அவர்களை அனுப்பாவிட்டால் வாயில் தானாக மூடும், யாரும் மூடியதாகக் கணக்கில் வராது. 2006 ஜூன் 25இல் இஸ்ரேல் சிப்பாய் ஷாலித் காஸா ஆயுதக்குழுக்களிடம் பிடிபட்ட பிறகு பெரும்பாலான நாள் அதுதான் நடந்தது. 2007 ஜூனில் முழுவதும் நின்றது. அதே ஒப்பந்தத்தில் காஸாவின் சரக்கு வாயிலான கார்னி வழியாக நாளொன்றுக்கு 400 லாரி ஏற்றுமதி, காஸாவுக்கும் மேற்குக்கரைக்கும் இடையே பேருந்து என்றெல்லாம் எழுதியிருந்தது. பேருந்து ஓடவே இல்லை.

கண்காணிப்பாளர் எங்கே தூங்குகிறார், எந்தச் சாலையில் வேலைக்கு வருகிறார், சம்பளம் யார் தருகிறார். கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

---

குத்தாலம் வாசகன்

எல்லாருக்கும் நன்றி, இது போதுமென்று நினைத்த இடத்தில் இன்னும் இரண்டு கேள்வி. ஆஸ்லோவில் தண்ணீர்ப் பங்கீடும் உண்டு என்று எங்கோ பார்த்தேன். நம் ஆட்கள் அதை விட மாட்டார்கள். கத்தார் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ஐ.நா.வைப் பற்றி யாரும் பேசவே இல்லையே, அதற்குப் பங்கே இல்லையா?

---

வல்லம் பாசனப் பொறியாளர்

1995 ஒப்பந்தத்தின் 40ஆவது பிரிவு. மேற்குக்கரையில் பாலஸ்தீனருக்குத் தண்ணீர் உரிமை உண்டு என்று இஸ்ரேல் ஏற்றது, எவ்வளவு என்பது இறுதிப் பேச்சுக்கு. இடைக்கால உடனடித் தேவைக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 28.6 மில்லியன் கன மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய சரியாக ஒரு டிஎம்சி. எதிர்காலத் தேவை 70 முதல் 80 மில்லியன், இரண்டரை டிஎம்சிக்குக் கொஞ்சம் மேலே. மேட்டூர் நிரம்பினால் 93.47 டிஎம்சி என்று தெரிந்த கூட்டத்துக்கு அந்த அளவு சட்டென்று புரியும்.

ஆற்றுத் தண்ணீர் இல்லை, மலைக்குக் கீழே இருக்கும் நிலத்தடி நீர். அதனால் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணறும் ஒரு அரசியல். கூட்டுத் தண்ணீர்க் குழு ஒன்று வைத்தார்கள், இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை, எல்லாம் ஒருமனதாக. கிணறு தோண்ட, ஆழப்படுத்த, குழாய் போட, கழிவுநீர் நிலையம் கட்ட எல்லாவற்றுக்கும் குழுவின் அனுமதி. குழுவின் அதிகாரம் மேற்குக்கரைக்கு மட்டும். அதே நீர்த்தட்டில் இஸ்ரேலுக்குள் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பது அதன் வேலை இல்லை. மேற்குக்கரையில் சுமார் 60 சதவீதம் முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ள 'சி' பகுதி, அங்கே குழாய் போக வேண்டுமென்றால் ராணுவத்தின் சிவில் நிர்வாகத்திடம் இன்னொரு அனுமதி. ஜெர்மனியும் அமெரிக்காவும் உலக வங்கியும் பணம் தயாராக வைத்திருந்தும் திட்டம் காகிதத்திலேயே நின்றதற்கு இந்த இரட்டை அனுமதிதான் காரணம். பணம் தருபவருக்குக் குழுவில் ஓட்டு இல்லை. 2010இலிருந்து சில ஆண்டுகள் குழு கூடவே இல்லை, 2017 ஜனவரியில் திருத்தி மறுபடி தொடங்கினார்கள்.

இதோடு 1994 அக்டோபர் 26 இஸ்ரேல்–ஜோர்டான் ஒப்பந்தத்தை வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் யார்மூக் ஆற்றிலிருந்து இஸ்ரேல் கூடுதலாக 20 மில்லியன் கன மீட்டர் எடுத்துக்கொள்ளும், கோடையில் அதே அளவை ஜோர்டானுக்குத் திருப்பித் தரும். எந்த மாதம், எந்த இடம் என்று எழுதியிருக்கிறது. இரண்டு பக்கமும் நாடு, இரண்டு பக்கமும் வாயிலைத் திறக்கவும் மூடவும் ஆள் உண்டு. வறட்சி வந்தபோது தகராறு வந்தது, ஒப்பந்தம் உடையவில்லை.

---

திருவையாறு ஆசிரியர்

ஐ.நா. கேள்விக்குச் சுருக்கமாக. 1948 செப்டம்பரில் அதன் மத்தியஸ்தர் பெர்னடாட் எருசலேமில் கொல்லப்பட்டார். பின்னால் வந்த ரால்ஃப் பன்ச், 1949இல் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா என்று ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே போர்நிறுத்த ஒப்பந்தம் முடித்தார். பிப்ரவரி முதல் ஜூலைவரை. எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் ஒருவரைவிட ஒருவர் கடுமையாகப் பேச வேண்டிய கட்டாயம் வரும் என்று தெரிந்து செய்தது. இன்று "1967 எல்லை" என்று சொல்வது உண்மையில் அந்த 1949 கோடுதான்.

ஐ.நா. படையின் பலவீனம் 1967 மே மாதம் தெரிந்தது. 1956 போருக்குப் பிறகு வந்த படை எகிப்து பக்கம் மட்டும் நின்றது, இஸ்ரேல் தன் பக்கம் நிற்க விடவில்லை. எகிப்து அதிபர் நாசர் போகச் சொன்னதும் போக வேண்டியதாயிற்று, மூன்று வாரத்தில் போர். 1979 ஒப்பந்தத்தில் சினாய்க்கான படையை ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் நீக்க முடியாது என்று எழுதியது இந்தப் பாடத்தால்.

நாகூர் பாய் சொன்ன பக்கச் சார்பு விஷயம், ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: சார்பு உள்ள நடுவரால்தான் அந்தத் தரப்பை அசைக்கவும் முடியும். யார் பக்கமும் இல்லாத நார்வேயால் ரபினிடமிருந்து ஒரு அங்குலமும் வாங்க முடிந்திருக்காது, ரபின் தானாக முடிவெடுத்ததால்தான் நடந்தது.

---

நாகூர் வாசகர்

அசைக்க முடியும் ஐயா, அசைத்தால். 2011 பிப்ரவரி 18இல் பாதுகாப்புச் சபையில் குடியேற்றத்தைக் கண்டிக்கும் தீர்மானம் 14க்கு 1 என்று வந்தது, அந்த ஒன்று அமெரிக்காவின் வீட்டோ. அமெரிக்கா தன் கொள்கை என்று சொல்லிக்கொண்டதையே அந்தத் தீர்மானம் சொன்னது.

---

கூத்தாநல்லூர் தோஹாவாசி

கத்தார் பற்றி நான் எழுதுகிறேன்.

ஹமாஸின் அரசியல் அலுவலகம் 2012இலிருந்து தோஹாவில். அமெரிக்கா கேட்டுக்கொண்டதால்தான் திறந்தோம், பேசுவதற்கு ஒரு வழி வேண்டும் என்றார்கள் என்று கத்தார் அரசு பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறது. 2018 நவம்பரில் காஸாவுக்கு 1.5 கோடி டாலர் ரொக்கம் போனது இஸ்ரேலின் அனுமதியோடு. எகிப்திடம் இருப்பது வேறு: ரஃபா வாயில், காஸாவுக்குள் எல்லா அமைப்பையும் தெரிந்த உளவுத்துறை. 2011இல் ஷாலித்துக்கு ஈடாக 1,027 கைதிகள் விடுதலையானபோது நடுவில் நின்றது எகிப்தும் ஒரு ஜெர்மன் அதிகாரியும். அமெரிக்கா இஸ்ரேலிடம், கத்தார் வெளியே உள்ள ஹமாஸ் தலைமையிடம், எகிப்து காஸாவுக்கு உள்ளே. மூவரும் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் நகரும்.

காஸா போரில் 2023 நவம்பர் 24 போர்நிறுத்தம் எப்படி ஓடியது என்று பாருங்கள். நான்கு நாள், 50 பணயக்கைதிகள், 150 பாலஸ்தீனக் கைதிகள். அதற்குமேல் ஒவ்வொரு 10 பேருக்கும் ஒரு நாள் நீட்டிப்பு. முந்தின நாளே பெயர்ப்பட்டியல் கத்தார் வழியாகப் போகும். செஞ்சிலுவைச் சங்க வண்டி ரஃபாவுக்குக் கூட்டிவரும், எகிப்து வழியாக இஸ்ரேல். தெற்கில் விமானம் பறக்காது, வடக்கில் தினமும் காலை 10 முதல் மாலை 4வரை பறக்காது. இரண்டாம் நாளே சிக்கல்: வடக்குக்குச் சொன்ன அளவு லாரி போகவில்லை, கைதிகளை வரிசைப்படி விடவில்லை என்று ஹமாஸ் நிறுத்தியது. தோஹாவும் கெய்ரோவும் சில மணி நேரத்தில் தீர்த்தார்கள், அன்றிரவே விடுதலை நடந்தது. சின்னத் தவணை, அன்றாடக் கணக்கு, தடங்கல் வந்தால் அன்றைக்கே கூப்பிட ஆள். டிசம்பர் 1 காலை முறிந்தது.

2025 ஜனவரி 19 ஒப்பந்தம் மூன்று கட்டம், ஒவ்வொன்றும் 42 நாள். முதல் கட்டம் 33 பணயக்கைதிகள், அது எண்ணி எழுதியிருந்தது, தள்ளாடி முடிந்தது. இரண்டாம் கட்டம் பற்றி 16ஆம் நாள் பேச ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது. போர் முடிவு, முழு வெளியேற்றம் எல்லாம் அந்தப் பேச்சில். பேச்சு ஒழுங்காகத் தொடங்கவே இல்லை, முதல் கட்டத்தையே நீட்டலாம் என்றது இஸ்ரேல், மார்ச் 18இல் குண்டு விழுந்தது. கடினமானதைப் பின்னால் தள்ளிய ஆஸ்லோவின் அதே கோளாறுதான்.

அந்த செப்டம்பர் 9இல் ஹமாஸ் குழுவைக் குறிவைத்துத் தோஹாவையே இஸ்ரேல் தாக்கியது. நடுவரின் வீட்டிலேயே அடி. மாதக் கடைசியில் வெள்ளை மாளிகையிலிருந்து நெதன்யாகு கத்தார் பிரதமரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். அக்டோபர் 13, எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் காஸா போர்நிறுத்த ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அமெரிக்கா, எகிப்து, கத்தார், துருக்கி. இஸ்ரேலும் ஹமாஸும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் 17இல் பாதுகாப்புச் சபை 2803ஆவது தீர்மானத்தை 13க்கு 0 என்று நிறைவேற்றியது, ரஷ்யாவும் சீனாவும் ஒதுங்கின. சர்வதேசப் படை, அமெரிக்க அதிபர் தலைமையில் ஒரு வாரியம், 2027 டிசம்பர் 31வரை காலம். அந்தப் படையின் வேலை காஸாவுக்குள் மட்டும்.

---

மன்னார்குடி கணக்கர்

குத்தாலம் தம்பி, கூட்டத்துக்கு மூன்று வரைபடம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஏ3 அளவு போதும். 1949 போர்நிறுத்தக் கோடு, 1979 சினாயின் நான்கு மண்டலம், 1995 மேற்குக்கரையின் ஏ, பி, சி. முதலில் சினாயைக் காட்டுங்கள், தெளிவான கோடுகள், எங்கே எத்தனை பேர் என்று விரலால் தொட்டுக் காட்டலாம். பிறகு 1995 படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதில் பாலஸ்தீன நிர்வாகத்தின் கையில் உள்ள ஏ பகுதி துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும், சுற்றிலும் சி. ராமல்லாவிலிருந்து நாப்லுஸுக்குப் போகச் சொல்லி யாரையாவது பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

1994 மே 4 அன்று, காஸா–ஜெரிக்கோ ஒப்பந்தத்துக்கான கெய்ரோ மேடையில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அரஃபாத் ஒப்பந்த வாசகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெரிக்கோ வரைபடத்தில் மட்டும் போடாமல் நிறுத்தினார். ரபின் கவனித்துவிட்டார். எகிப்து அதிபர் முபாரக், அமெரிக்க, ரஷ்ய அமைச்சர்கள் எல்லாரும் சூழ்ந்து பேசி, ஒரு குறிப்போடு போட வைத்தார்கள். ஜெரிக்கோ பகுதியின் அளவு அப்போதும் முடிவாகியிருக்கவில்லை. கேள்வி நேரத்தில் "வரைபடம் அவ்வளவு முக்கியமா?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.